கதவடி வெளிச்சம்

கதவு ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் வர மறுத்தது.

பூட்டில் கோளாறு இல்லை, சாவி சுலபமாகத்தான் சுற்றியது. எதிலும் இடிக்கவும் இல்லை. மெத்தென்று கனமாக ஏதோ ஒன்று உள்ளே கதவடியில் கிடந்து, தள்ளத் தள்ளக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்தது. விடிவதற்கு முன் நாலு மணிக்குப் பேக்கரியில் மாவு பிசையப் போய், மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்புகிற ரோவீனாவுக்குத் தோளில் மிச்சம் என்ன பலம் இருக்கும்? இருந்ததை வைத்து முட்டித் தள்ளி உள்ளே நுழைந்தாள். வழியை மறித்துக் கிடந்தது அவளுடைய துணிப்பாம்புதான்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் சந்தில் குளிர்காற்று நுழையாமல் இருக்க உள்பக்கம் கிடத்தும் பாம்பு அது. கதவின் அகலத்துக்குக் கோடு போட்ட துணியில் தைத்து, மணல் அடைத்து, இரண்டு கறுப்புப் பொத்தான்களைக் கண்ணாக வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டில் ஜூன் மாதக் குளிரை அது இல்லாமல் தள்ள முடியாது. காலால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கெட்டிலைப் போடச் சமையலறைக்கு நடந்தாள்.

பாதி வழியில் நின்றாள்.

அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதிகாலையில் கிளம்பும்போது அவள் அதை இழுத்துத் திறந்தபோதே, பாம்பு கதவோடு நகர்ந்து சுவரோரம் ஒதுங்கியிருக்கும். பிறகு வெளியே போய் நின்றுதான் சாத்திப் பூட்டினாள். அப்படியானால் பாம்பு சுவரோரமாக அல்லவா கிடக்க வேண்டும்? வெளியே போனவள் உள்ளே இருக்கும் பாம்பைக் கதவோடு ஒட்டி வைக்க வழியே இல்லை. உள்ளே இருப்பவர்தான் அதை வைக்க முடியும்.

தானாக உருண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மணல் மூட்டை தானாக உருளுமா என்று மனசு திருப்பிக் கேட்டது. கெட்டில் போட்ட கூச்சலில் அந்தக் கேள்வியைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மேபல் வருகிறாள். அதற்கு மேல் எதையும் யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை.

மேபலுக்கு ஆறு வயது. லாக்லனும் ரோவீனாவும் பிரிந்தபின் குழந்தை அப்பாவோடுதான் இருந்தாள். போன மாதம் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்தபோது, இங்கே இருந்தது ஒரு மெத்தை, ஒரு கெட்டில், மடக்கிப் போடும் முகாம் நாற்காலி இரண்டு. அவ்வளவுதான். கோட்டைக் கழற்றாமல், பேசினால் வாயில் புகை வர, கைகளைத் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு பெற்ற பிள்ளை விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "அப்பா வீட்டுக்கு எப்பம்மா போலாம்?" என்று முக்கால் மணி நேரத்தில் கேட்டேவிட்டாள். கூட்டிப்போக வந்த லாக்லன் வாசலில் நின்றபடியே வீட்டை ஒரு சுற்று பார்த்தான்.

"வீடுன்னு ஒண்ணு இருந்தா ராத்திரி தங்க அனுப்புறேன், ரோ. இது கார் ஷெட்டு மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது.

அன்றைக்கே அவள் குப்பைமேட்டுக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். ஊர்க்குப்பை கொட்டும் இடத்தின் வாசலிலேயே இருக்கும் கடை. வண்டிகளில் வந்து விழுவதிலிருந்து உருப்படியானதைப் பொறுக்கி எடுத்து விற்பார்கள். அங்கே போவதை ஹோபார்ட்டில் யாரும் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. டாக்டர் வீட்டு முன்னறை சோபாவும் அங்கேயிருந்து வந்ததாகத்தான் இருக்கும், கேட்டால் பெருமையாகச் சொல்லுவார். ரோவீனாவுக்கு முதல் நாளே ஒரு சாய்வு நாற்காலி கிடைத்தது. பச்சை வெல்வெட், தலை சாய்க்க இரண்டு பக்கமும் காது வைத்தது. அதைப் படியேற்றி இழுத்து வந்து ஹீட்டர் பக்கத்தில் போட்டாள். அங்கே பழுப்புக் கம்பளத்தில் யாரோ வருஷக்கணக்கில் எதையோ போட்டு அழுந்திய நாலு குழி இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தியதும் நாலு காலும் அந்த நாலு குழிக்குள் இறங்கி உட்கார்ந்தன.

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தனியாக இருக்கும்போது வந்த சிரிப்பு அது.

அடுத்த முறை தரையில் நிற்கும் விளக்கு ஒன்று. அதன் வட்ட அடிக்கும் மூலையில் ஒரு வட்டத் தடம் இருந்தது. அப்புறம் முக்காலி. அப்புறம் கனமான திரைச்சீலை, ஜன்னல் கம்பியில் எத்தனை கொக்கிகளோ அத்தனை வளையங்கள் அதில், ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. வெட்டித் தைக்க வேண்டியிருக்கும் என்று ஊசி நூல் எடுத்து வைத்தவள், தரையைத் தொட்டும் தொடாமலும் அது நின்ற அழகைப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கடைசியாகத் துணிப்பாம்பும், ஆட்டுக்கம்பளி வைத்த சின்னச் செருப்பு ஒரு ஜோடியும். செருப்பு யாரும் போடாதது, அடியில் கடை ஒட்டின சீட்டுகூட அப்படியே இருந்தது. மேபலின் காலுக்குச் செய்தது மாதிரி இருந்தது. தனக்கும் கடைசியில் கொஞ்சம் அதிர்ஷ்டம் வந்துவிட்டது என்று ரோவீனா நம்பினாள். பாவம், நம்புவதற்கு வேறு எதுவும் இல்லாத சமயம் அது.

புதன்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். வேலைக்குக் கிளம்பும்போது பாம்பைத் தூக்கிச் சமையலறை மேடைமேல் வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கண் சுவரைப் பார்க்கும்படி. வைத்துவிட்டுத் தன்னையே கேலி செய்துகொண்டு போனாள்.

மதியம் கதவு ஒரு சாண் திறந்தது. மெத்தென்று நின்றது.

தள்ளிக்கொண்டு உள்ளே போனவளுக்கு முதலில் உறைத்தது சூடுதான். ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள், அது அணைந்தேதான் இருந்தது. ஆனால் அறையில் ஆள் இருக்கும் வீட்டின் கதகதப்பு இருந்தது. முகப்பவுடர் வாசனையும் நனைந்து காய்ந்த கம்பளி வாசனையும் லேசாகக் கலந்து, மூக்கில் படுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்தது. திரைச்சீலை மூடியிருந்தது. அதன் விளிம்பில் கசிந்த பகல் வெளிச்சத்தில் பச்சை நாற்காலி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கிட்டே போய், வெகுநேரம் தயங்கி, உட்காரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

அன்று மாலை முழுவதும் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு முகாம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்றரைக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மேல்மாடியில் யாரோ குளித்தார்கள், குழாயில் தண்ணீர் இறங்கியது. பிறகு அதுவும் அடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ தலையணையைத் தட்டிச் சரிசெய்வது மாதிரி மெதுவாக, இடைவெளி விட்டு, தட் தட் என்று ஒன்று கேட்டது. பக்கத்தில் வீடே இல்லை, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் படிக்கட்டு என்பது படுத்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை எதிர்வீட்டு டெஸ் கதவைத் தட்டினார். எழுபது தாண்டியவர், இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர், எதையும் கிண்டலாகவே பேசுகிறவர். அவர் வீட்டில் தவறிக் கொடுக்கப்பட்ட பார்சலை நீட்டிக்கொண்டே, பேக்கரியிலிருந்து மிச்சப்பட்ட, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஏதாவது தப்பித் தவறி வந்ததா என்று விசாரித்தார். அப்படியே அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"இதையெல்லாம் எங்கேருந்து கண்ணு புடிச்ச?" என்றார்.

குப்பைமேட்டுக் கடை என்றாள் அவள். டெஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதில் ஒரு கிண்டல்கூட இல்லை. இந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷம் நோரீன் என்று ஒரு அம்மாள் இருந்தாள். இந்த ஈஸ்டருக்குச் செத்துப்போனாள். மகள் நாட்டின் மறுகோடியில் பெர்த்தில் இருக்கிறாள், எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டு ஏஜென்ட் அனுப்பிய ஆட்கள் எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். ஒரு கை பிடித்துக் கொடுத்ததே டெஸ்தான். அந்த நாற்காலி, விளக்கு, முக்காலி, திரைச்சீலை. எல்லாம் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

"அவளா வந்து எடுத்து வச்ச மாதிரி இருக்கு" என்றார்.

எப்படிச் செத்தாள் என்று ரோவீனா கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"அவ உள்ள இருந்தா பாம்பைக் கதவோட அணைச்சு வச்சிருவா. கதவடியில வெளிச்சம் தெரியாது, வெளிய போயிருந்தா ஜன்னல் வெளிச்சம் கீழ தெரியும். வெளிச்சம் இல்லன்னா நோரீன் வீட்டுல இருக்கா, சூடா சுகமா இருக்கான்னு நாங்க அர்த்தம் பண்ணிக்குவோம். யாரும் போய்த் தட்டமாட்டோம். ஈஸ்டர் லீவு நாலு நாளும் வெளிச்சம் தெரியல. நானும் பார்த்துட்டு பார்த்துட்டுத்தான் போனேன்." அவர் கதவைக் கை காட்டினார். "செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் சாவி கொண்டாந்தான். கதவு ஒரு சாண் திறந்துச்சு. அதுக்கு மேல வரல. மெத்துன்னு இருந்துச்சு. பாம்புதான்னு நெனச்சு நான் தள்ளினேன், கண்ணு. பாம்பு இல்ல. அவதான். பாம்பைக் குனிஞ்சு வைக்கப் போனவ, அதுக்குப் பக்கத்துலயே நீட்டிப் படுத்துட்டா."

கதவருகே மட்டும் கம்பளம் ஒரு சதுரம் புதிதாக இருப்பதை ரோவீனா குடிவந்த அன்றே பார்த்திருந்தாள். இப்போது அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். காலை எடுத்தாள்.

நோரீனுக்கு ஒரு பேத்தி உண்டாம். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வருவதாகச் சொல்வார்களாம், வந்ததே இல்லையாம். பிள்ளை வந்தால் காலில் குளிர் ஏறக்கூடாது என்று செருப்பு வாங்கி ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தாளாம். முழங்கையில் நீலக் கம்பளியால் ஒட்டுப்போட்ட சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருகிறது என்பாளாம். டெஸ் இதைச் சொல்லிவிட்டு, ஸ்காலப் பை கேட்டதையே மறந்து தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

ரோவீனா கதவைச் சாத்தினாள். முதலில் லாக்லனுக்குப் போன் போட்டாள். வீட்டில் ஒரு சின்னப் பிரச்சினை, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்றாள்.

"அவ பை கட்டி வச்சு ரெண்டு நாளாச்சு, ரோ. நீ இந்தத் தடவையும் தள்ளிப்போட்டா நான் அவகிட்ட இனிமே அம்மா வீட்டைப் பத்திப் பேசமாட்டேன். அவ்வளவுதான்" என்றான்.

நாற்காலியைப் படியிறக்கி எறிந்துவிடலாம். திரைச்சீலையைக் கிழித்துப் போடலாம். எறிந்தால் நாளைக்கு மாலை லாக்லன் வந்து நிற்கப்போவது அதே கார் ஷெட்டில். பிள்ளை கோட்டோடு உட்காருவாள், வந்த வழியே போய்விடுவாள். ரோவீனா நாற்காலியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். இரண்டே நாள்தானே, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தலைமுழுகிவிடலாம் என்று முடிவு செய்தாள். செருப்பை அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள். துணிப்பாம்பை மட்டும் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கீழே போய்த் தெருவோரக் குப்பைத்தொட்டியில் போட்டு, மூடியைச் சாத்தி, மூடிமேல் ஒரு செங்கல்லையும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொட்டி காலியாக இருந்தது. காலையிலேயே லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. மாடியேறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைச் சுற்றினாள். கதவு முழுக்கத் திறந்து சுவரில் மோதியது. உள்ளே குளிர், ஆளில்லாத வீட்டின் நல்ல குளிர். நாற்காலியைத் தொட்டாள், சில்லென்று இருந்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஹீட்டரைப் போட்டாள்.

லாக்லன் நாலரைக்கு வந்தான். வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்று பார்த்தான். விளக்கு, திரைச்சீலை, ஹீட்டரின் செவ்வொளியில் வெல்வெட் நாற்காலி. "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றான். அவனிடமிருந்து நல்ல வார்த்தை வந்து எத்தனை மாதமாகிவிட்டது. ஞாயிறு மாலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மேபல் யாரும் சொல்லாமலே கோட்டைக் கழற்றினாள். நாற்காலியில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, தக்காளி சூப்பில் சீஸ் ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். பல் விழுந்த கதையைச் சொன்னாள், அப்பா பொரிக்கும் முட்டையைக் கேலி செய்தாள். போகலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ரோவீனா தரையில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அரைமணி நேரத்துக்காக எதை வேண்டுமானாலும் செய்திருப்பாள்.

மேபலின் போர்வை கீழே, எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறையில், டிரையரில் சுற்றிக்கொண்டிருந்தது. "வா, எடுத்துட்டு வந்துரலாம்" என்று கூப்பிட்டாள். குழந்தை நாற்காலிக்குள் இன்னும் புதைந்துகொண்டு, இங்கேயே கதகதப்பாக இருக்கிறது, வரமாட்டேன் என்றாள். இரண்டு நிமிஷம். இருபது படி. ரோவீனா முக்காலியை நகர்த்திக் கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்துவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சூடான போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். சோப்பு வாசனை. அவள் செருப்புச் சத்தம். மாடி நடையின் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

கதவு மூடியிருந்தது.

குழந்தை மூடியிருப்பாள். முக்காலியை நகர்த்தத் தெரியாதா என்ன? கதவடியில் வெளிச்சம் தெரிந்தது. மஞ்சளாக, ஒரு விரல் அகலத்துக்கு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. அதைப் பார்த்ததும் மூச்சு திரும்பியது. பையில் சாவியைத் துழாவினாள்.

வெளிச்சம் குறைந்தது.

இடது முனையில் முதலில். பிறகு கொஞ்சம் தள்ளி. தட். இன்னும் கொஞ்சம். தட். உள்ளே யாரோ எதையோ பொறுமையாகக் கதவோடு அணைத்துக்கொண்டே வந்தார்கள். பாம்பு லாரியில் போய்விட்டது. இவளே போட்டாள். செங்கல் வைத்தாள்.

வலது முனையில் ஒரு பொட்டு தவிர வெளிச்சம் மறைந்துவிட்டது.

"மேபல்!"

சாவி சுற்றியது. கதவு ஒரு சாண் திறந்தது.

மெத்தென்று நின்றது.

சந்து வழியாக விளக்கு தெரிந்தது. நாற்காலியின் ஒரு காது. கீழே ஊசலாடும் இரண்டு சின்னக் கால்கள். காலில் ஆட்டுக்கம்பளிச் செருப்பு. முகப்பவுடர் வாசனை.

"மேபல், கண்ணு, எழுந்து அம்மாகிட்ட வா. மெதுவா. இப்பவே வா."

"கதவைச் சாத்தும்மா" என்றாள் மேபல். பயமே இல்லாத குரல். "குளிர் உள்ள வருதாம். நீ பாம்பைத் தூக்கிப் போட்டுட்டியாம்ல. அதான் அவங்களே படுத்துக்கிட்டாங்க."

ரோவீனா கீழே பார்த்தாள்.

சாம்பல் கம்பளி. ஒரு முழங்கை. அதில் நீல ஒட்டு.

தோளைக் கொடுத்து முட்டினாள். கனம் இடம் கொடுக்கவில்லை. திரும்பிப் படுப்பவர் மாதிரி உள்ளே அது நிதானமாகப் புரண்டது. கதவு அவளைத் தள்ளிக்கொண்டே வந்து மூடியது. உள்ளே கதவுச் சங்கிலி விழுந்தது. போர்வை காலடியில் கிடக்க அவள் இரண்டு கையாலும் அறைந்தாள், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து டெஸ் வெளியே வந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. கதவடியைத்தான் பார்த்தார்.

வலது மூலையில் இன்னும் ஒரு நெல்மணி அளவுக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது. உள்ளேயிருந்து வெளிறிய விரல்கள் இரண்டு வந்தன. ஸ்வெட்டரின் ஓரத்தை இழுத்து, அந்தச் சந்தில் செருகி, தட்டி, சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போயின.